பாபிலோனில் குறுவை கிடையாது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: யூதா நாட்டு ஜனங்களை பாபிலோன் ராஜா பிடித்துக்கொண்டு போன பைபிள் காலத்து பாபிலோன் சிறையிருப்பை வைத்து நாவல் எழுதுகிறேன். யூதா ஜனங்கள் எல்லோரும் விலங்கோடு இருட்டறையில் கிடக்கிறார்கள். எட்டு அத்தியாயம் ஆகியும் கதை நகர மாட்டேன் என்கிறது. (வாசகி, மன்னார்குடி)

பதில்: சிறைக்கதவைத் திறந்துவிடுங்கள், நகரும். விலங்கும் காவலும் ராஜாக்களுக்குத்தான். யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்களைக் குருடாக்கி, சாகும்வரை அடைத்து வைத்தார்கள். அவனுக்கு முந்தின ராஜா யோயாக்கீன் வெளியே வந்தது சிறைப்பட்ட 37-ஆம் வருஷத்தில். அவனுக்கும் அவன் ஐந்து பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்த அரண்மனைக் கணக்கு, கி.மு. 592-ஆம் ஆண்டுக் களிமண் பலகையில் இன்றும் இருக்கிறது.

மற்றவர்களை வாய்க்கால் ஓரங்களில் குடியமர்த்தினார்கள். சிறைப்பட்டுப் போன தீர்க்கதரிசி எசேக்கியேல் தன் வீட்டில் உட்கார்ந்திருக்க, மூப்பர்கள் அவர் முன்னால் வந்து அமர்கிறார்கள் (எசேக்கியேல் 8:1). யூதாவின் பெயரிலேயே அங்கே ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் எழுதிய பத்திரங்களில் மிகப் பழையது கி.மு. 572. ராஜா நிலம் கொடுப்பார். பதிலுக்கு வரி, ஊழியம், படைக்கு ஆள். கடன் பார்லியிலும் பேரீச்சம்பழத்திலும். பத்திரத்தின் அடியில் சாட்சிகள், எழுதினவன் பெயர், தேதி. வில்லனுக்குச் சவுக்கு எதற்கு? குத்தகை பாக்கி கேட்டு வாசலில் நிற்கிற சொந்த இனத்துக்காரன் போதும்.

கேள்வி: கேபார் நதியை நம் காவிரி மாதிரியே எழுதியிருக்கிறேன். ஜூனில் தண்ணீர் வருகிறது, நாற்று விடுகிறார்கள். சரியா? (வாசகர், திருவையாறு)

பதில்: வாய்க்கால் சரி, பருவம் தப்பு. எசேக்கியேல் புத்தகத்தில் வரும் கேபார் என்பது பாபிலோனிய நகரமான நிப்பூர் பக்கத்து வாய்க்கால். மதகு, தலைமடை கடைமடைச் சண்டை, தூர் வாருவது, உடைப்பு அடைப்பது எல்லாம் டெல்டாக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாராளமாகக் கொண்டு போங்கள். ஜூன் 12 மேட்டூர்க் கணக்கு மட்டும் அங்கே செல்லாது. வடக்கு மலைகளில் பனி உருகி யூப்ரடீஸில் வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது பார்லி முற்றி அறுப்புக்கு நிற்கும். விதைக்கிற ஐப்பசி கார்த்திகையிலோ ஆறு இளைத்துக் கிடக்கும். கரை உடைந்தால் அங்கே போவது அறுவடை. உங்கள் உச்சக்கட்டம் அங்கேதான் இருக்கிறது.

நெல் கிடையாது, நாற்றங்காலையும் நடவுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள். விதைக்குழல் பொருத்திய ஏர் ஓடும்போதே பார்லி சாலில் விழும். வடியாத வயலில் உப்பு பூக்கும். கோதுமை முதலில் கருகும், பார்லி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

பேரீச்சைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். வசந்தத்தில் பெண் மரத்தின் பாளை வெடித்ததும் ஆள் ஏறி, ஆண் பூவின் இரண்டு மூன்று சரங்களைத் தலைகீழாக உள்ளே செருகி, ஓலைக் கீற்றால் தளர்வாகக் கட்டுவான். இறுக்கிக் கட்டினால் குலை விரியாது. நாள் கடத்தினால் பிஞ்சு கொட்டையில்லாமல் சூம்பிவிடும். காய் மரத்தில் இருக்கும்போதே மதிப்பீட்டுக்காரன் அண்ணாந்து பார்த்து, இத்தனை அளவு குத்தகை என்று எழுதிவிடுவான். பறித்தது குறைந்தால் மீதி கடன்தான்.

கேள்வி: சிறைப்பட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பைபிளில் இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் 10,000 என்கிறது. எரேமியாவின் கடைசி அதிகாரம் மூன்று தடவையாக 3,023, 832, 745, ஆக 4,600 என்கிறது. கதைசொல்லிக்கு ஒன்றைக் கொடுங்கள், அவனை மறுக்கிற கிழவருக்கு இன்னொன்று.

கேள்வி: எருசலேமிலிருந்து பாலைவனத்தைக் குறுக்கே கடந்து 15 நாளில் பாபிலோன் சேருகிறார்கள் என்று எழுதலாமா? (வாசகி, தரங்கம்பாடி)

பதில்: கூடாது. தண்ணீர் இல்லாத அந்த வழியில் அவ்வளவு ஜனத்தை நடத்த முடியாது. வடக்கே சிரியாவில் உள்ள ரிப்லா வரை ஏறி, யூப்ரடீஸைப் பிடித்து அதன் கரையோடு இறங்க வேண்டும். சுமார் 1,400 கிலோமீட்டர். பிற்காலத்தில் பாபிலோனிலிருந்து எருசலேம் வர யூத ஆசாரியர் எஸ்றாவுக்கு 4 மாதம் பிடித்தது. கைக்குழந்தையும் கிழவியும் சேர்ந்த கூட்டத்துக்கு அதற்குக் குறைத்து எழுதாதீர்கள். எருசலேம் ஆலயம் எரிந்தது யூதக் கணக்கில் ஐந்தாம் மாதம், ஏறக்குறைய ஆகஸ்ட். உடனே நடந்தாலும் டிசம்பர் ஆகிவிடும், விதைப்பு முடிந்திருக்கும். முதல் வருஷம் அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள் என்பதை எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.