சுருக்க முக நாய்களுக்குக் கண்ணில் என்ன தொந்தரவு? கேள்வி பதில்

ஆடிக் காற்று கிளம்பியதிலிருந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு வருகிற நாய்கள் கூடிவிட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கத்துப் புழுதியையெல்லாம் கிளப்பிவிடுகிறது. பக், புல்டாக், ஷிட்சூ மாதிரி முகம் சப்பையாக, கண் முன்னே தள்ளி நிற்கிற நாய்களுக்கு அது நேராகக் கருவிழியில் போய் அடிக்கிறது. அப்படிப்பட்ட நாய்களை வளர்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு ஒரு கால்நடை மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அக்கா: வீட்டுப் பக்கத்தில் தென்னை நார் மில் இருக்குதுங்க. எங்கள் பக் நேற்றிலிருந்து ஒரு கண்ணை மூடியே வைத்திருக்கிறான். என் மகனுக்குப் போன வருசம் வாங்கின சொட்டு மருந்து மிச்சம் இருக்குது. விடலாமுங்களா டாக்டர்?

விடாதீர்கள் அக்கா. இன்றைக்கே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாய் கண்ணை மூடியே வைத்திருந்தால் அதற்கு வலிக்கிறது என்று அர்த்தம். பக் என்றால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் கருவிழிப் புண்தான். இமைக்குள் ஒரு நார்த் துணுக்கு சிக்கினாலே போதும். நாயின் கருவிழி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் கனம். புண்ணில் கிருமி ஏறிவிட்டால் ஓரிரு நாளிலேயே ஓட்டை விழுந்துவிடலாம்.

மனிதர்களுக்குக் கொடுக்கிற கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். புண்ணுள்ள கண்ணில் அதை விட்டால் சிவப்பு குறைந்து, நாய் தேறிவிட்டது போலத் தெரியும். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், கடையில் கேட்டு வாங்கிய சொட்டை நான்கு நாள் விட்டுவிட்டு ஒரு பக்கைக் கொண்டுவந்தார்கள். கருவிழியின் நடுப்பகுதி வெந்த ஜவ்வரிசி போல இளகிப் போயிருந்தது. கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக் குழந்தை நாயின் காதைப் பிடித்துக்கொண்டே அழுதது இன்னும் மனதில் இருக்கிறது.

மருத்துவர் ஃபுளோரசின் என்ற சாயம் தோய்த்த ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார். மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக மின்னும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால், "புண் இல்லையென்று பார்த்துவிட்டீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். போகும் வழியில் அவன் காலால் கண்ணைத் தேய்க்காமல் யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

திருப்பூர்: ஷார் பெய் குட்டிக்கு ஆறு வாரம். இமை உள்ளே சுருண்டு தண்ணீராக வழியுதுங்க. வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

சில குட்டிகளுக்குச் சரியாகும். ஆனால் அதுவரை இமையோர முடி கருவிழியை உரசிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆபத்து. ஷார் பெய்யின் தோலில் ஹயலூரோனிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்வதால்தான் அத்தனை மடிப்பு விழுகிறது. நெற்றித் தோலின் கனம் தாங்காமல் இமை உள்ளே சுருண்டுகொள்கிறது. இதற்கு என்ட்ரோபியன் என்று பெயர். குட்டிப் பருவத்தில் இமையை வெளியே இழுத்துப் பிடிக்கத் தற்காலிகத் தையல் போடுவார்கள். முகம் வளர வளர அதைத் திரும்பப் போட வேண்டிவரலாம். இமைத் தோலை வெட்டித் தைக்கிற நிரந்தர அறுவை சிகிச்சை முகம் வளர்ந்து முடிந்த பிறகுதான். குட்டியிலேயே வெட்டிவிட்டால் பின்னால் இமை வெளியே தொங்கிப் போகலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே உடுமலையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல்லிலும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

ஈரோடு: புல்டாக்கின் கண்ணோரம் செர்ரிப் பழம் மாதிரி சிவப்பாக உருண்டு நிற்குது. வெட்டி எடுத்துவிட்டால் ஆயிற்று என்கிறார் தெரிந்தவர்.

வெட்டவே கூடாதுங்க. அது கட்டி இல்லை, நாய்க்குக் கண்ணின் உள்மூலையில் இருக்கிற மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி இடம் பெயர்ந்து வெளியே வந்திருக்கிறது. கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அந்தச் சுரப்பிதான் தருகிறது. வெட்டினால் பிற்பாடு கண் காய்ந்து போகலாம். பையைப் போல ஒரு மடிப்பு செய்து சுரப்பியை உள்ளே வைத்துத் தைப்பதுதான் சரியான வைத்தியம்.

கோபி: ஆத்தா நந்தியாவட்டைச் சாறு விடச் சொல்கிறார்கள்.

வேண்டாம் கண்ணு. ஆத்தாவின் அக்கறை பெரிது, ஆனால் செடிச் சாற்றோடு கிருமியும் கண்ணுக்குள் போகும். ஆறவைத்த கொதிநீரில் சுத்தமான துணியை நனைத்துப் பீளையைத் துடைத்துவிடு, போதும். கண் சிவந்திருந்தால் டாக்டரிடம் காட்டு.

கோவை: ஏழு வயது பக். கண்ணில் பசை மாதிரிப் பீளை, கருவிழியில் பழுப்பாகப் படலம். வயசானதாலா?

வயசு என்று விட்டுவிடாதீர்கள். கண்ணீர் வற்றியிருக்கும் என்று தோன்றுகிறது. அளவு போட்ட காகிதப் பட்டையைக் கீழ் இமையில் ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது, 10க்குக் கீழே என்றால் வறட்சி. கண்ணீரைச் சுரக்க வைக்கிற சைக்ளோஸ்போரின் களிம்பு கொடுப்பார்கள், பெரும்பாலும் ஆயுசுக்கும் போட வேண்டும். பீளை நின்றதும் களிம்பையும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் படலம் பரவுகிறது. மூக்கு மடிப்பின் முடி கருவிழியில் உரசுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

தாராபுரம்: மூக்கு மடிப்பு நாறுது.

தினமும் ஒருமுறை மடிப்பை விரித்து ஈரத் துணியால் துடையுங்கள். அப்புறம் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், உலர்த்துவதுதான் முக்கியம். பவுடர் போடாதீர்கள், அது கண்ணுக்குள் போகும்.

கரூர்: தெருநாய் கடித்ததில் பக்கத்து வீட்டுப் பக்கின் கண் வெளியே வந்துவிட்டது. அடுத்தமுறை அப்படி நடந்தால் உடனே என்ன செய்யணும்?

உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான ஈரத் துணியைக் கண்மேல் போட்டு, காயாமல் பார்த்துக்கொண்டு அப்போதே வண்டி எடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கழுத்துப் பட்டையை இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும். இந்த இனங்களுக்கு மார்புப் பட்டைதான் நல்லது.

பல்லடம்: பக் குட்டி வாங்கலாம் என்று இருக்கிறோம். எதைப் பார்த்து எடுப்பது?

தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். கண்ணோரம் நனைந்து கறுத்திருக்கிறதா, மூக்கு மடிப்பு கண்ணைத் தொடுகிறதா, தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா? இமைக்கு அறுவை சிகிச்சை செய்த நாயின் குட்டி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மடிப்பு அதிகம் என்று கூடுதல் விலை கேட்பார்கள். நீங்கள் மடிப்பு குறைந்த, மூக்கு கொஞ்சம் நீண்ட குட்டியாகப் பார்த்து எடுங்கள்.