புல்லட்டுக்கு நியூட்ரல் விழல, கியர்பாக்ஸை இறக்கணுமா?

கேள்வி: அப்பா 1978ல வாங்குன புல்லட் 350, பத்து வருஷம் மாட்டுக்கொட்டாய்லயே நின்னுச்சு, இப்பதான் எடுத்து ஓட்டுறேன் சார். சிக்னல்ல நியூட்ரல் விழவே மாட்டேங்குது, ஃபர்ஸ்ட் போட்டா கடக்குனு அடிச்சு வண்டி முன்னால தாவுது, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல சில சமயம் கியரே இல்லாம எஞ்சின் மட்டும் அலறுது. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கணும்ங்கறார். இறக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இறக்காதீங்க தம்பி. ரெண்டு கோளாறு ஒண்ணா கலந்து கிடக்கு, ரெண்டுக்குமே கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லைன்னுதான் எனக்குத் தோணுது. மொதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தை கையால முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டே கியர் மாத்திப் பாருங்க. நாலும் சுத்தமா விழுதா? ஸ்டார்ட் பண்ணினா மட்டும் மக்கர் பண்ணுதுன்னா கிளட்ச்சைப் பிடிச்சும் அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முழுசா பிரிக்கலன்னு அர்த்தம், பாவம் கியர்பாக்ஸ் பழியை சுமக்குது.

பத்து வருஷம் நின்ன வண்டியில கிளட்ச் பிளேட்டெல்லாம் பிசுபிசுத்த ஆயில்ல ஒண்ணோட ஒண்ணு அப்பளம் மாதிரி ஒட்டிக்கும். பழைய புல்லட்காரங்க காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு உதை விடுவாங்க, முதல் உதை கனமா இருக்கும், பிளேட் பிரிஞ்சதும் கிக்கர் சும்மா லொடக்குனு கீழ போகும், காலுக்கே தெரியும். அதுக்கப்புறம் கேபிள். லிவர்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர் பிளே, அதாவது சும்மா ஆடுற இடைவெளி, போதும், உங்க வண்டியில அரை அங்குலம் ஆடுச்சுன்னா பிளேட் எங்க பிரியறது? இதெல்லாம் பண்ணியும் கிளட்ச் பிரியாம வண்டி இழுத்துச்சுன்னா, கிளட்ச்சை மூடியிருக்கிற செயின் கேஸைத் திறந்து பிளேட்டை எடுத்து பெட்ரோல்ல கழுவி, ஸ்டீல் பிளேட்டை ஒரு கண்ணாடி மேல வைங்க. ஓரத்தை அழுத்தினா எதிர்ப்பக்கம் தூக்குதா, அந்த பிளேட் வளைஞ்சுருச்சு, மாத்திருங்க.

ரெண்டு-மூணு நடுவுல கியர் தொலையறது வேற கதை. உங்க புல்லட்ல இருக்கிற ஆல்பியன் கியர்பாக்ஸ்ல வெளிக்கவருக்கு உள்ள ரெண்டு போல்ட்ல நிக்கிற ஒரு ஸ்டாப் பிளேட் இருக்கு, கால் மிதி எவ்வளவு தூரம் போகணும்னு அதுதான் எல்லை கட்டுது. அது கொஞ்சம் நகர்ந்துட்டாலே கியர் பாதியில நின்னுரும், இல்ல தாண்டிப் போயிரும். போல்ட்டை லூஸ் பண்ணி நூலளவு நகர்த்தி, மறுபடி நாலு கியரும் பாருங்க, அரை நாள் பொறுமை வேணும் அவ்வளவுதான். ஆனா மூணாவதுல ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டர் குடுக்கும்போது கியர் தானா வெளிய குதிச்சுச்சுன்னா பல்லு முனை மழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அப்ப மெக்கானிக் சொல்றது நியாயம்.

பெட்டிக்குள்ள கெட்டியான சேஸிஸ் கிரீஸ் அடைச்சுராதீங்க. எனக்கு ஒருத்தர் அடைச்சு விட்டாரு, பல் சுத்தி சுத்தி கிரீஸ்ல வாய்க்கா வெட்டின மாதிரி வழி பண்ணிக்கிச்சு, பல்லு மட்டும் காய்ஞ்சு கிடந்துச்சு!

வலது பக்கம் குதிகாலுக்கு ஒரு சின்ன லிவர் இருக்கே, அது நியூட்ரல் ஃபைண்டர். ரெண்டு, மூணு, நாலுல இருந்து கிளட்ச் பிடிச்சு ஒரே அழுத்தா அழுத்தினா நேரா நியூட்ரல். ஃபர்ஸ்ட்ல இருந்து வேலை செய்யாது, அதனால சிக்னலுக்கு ரெண்டாவதுலயே வந்து நில்லுங்க.

கேள்வி: தாத்தா யெஸ்டி பைக்ல கிளட்ச்சே பிடிக்காம கியர் மாத்துவார். நானும் பண்ணலாமா?
- வாசகி, மைசூர்

பதில்: உங்க ஊர் ஐடியல் ஜாவாவுல செஞ்ச வண்டிம்மா அது, கியர் லிவரை மிதிச்சாலே உள்ள கிளட்ச் தூக்கிக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க. ஓடுறப்ப தாராளமா மாத்துங்க. ஆனா நின்ன இடத்துல இருந்து கிளம்ப கைக் கிளட்ச் வேணும், அப்புறம் மிதிச்ச காலை சடார்னு எடுக்காதீங்க, மெதுவா விடுங்க. ஸ்டார்ட் பண்ணினதும் அதே லிவரை மடக்கி கியர் நிலைக்குக் கொண்டு வந்துட்டீங்களான்னு குனிஞ்சு ஒரு தடவை பார்த்துக்கோங்க, கிக்கரும் கியரும் ஒரே கம்பிதானே.