நகராட்சிக்கு வழக்கறிஞராக இருப்பது எப்படிப்பட்ட வேலை?

நகராட்சியின் உரிமையியல் வழக்குகளை நடத்துவது தனியார் கட்சிக்காரருக்கு வாதாடுவதிலிருந்து எப்படி வேறுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலையின் பெரும்பகுதி வாதம் அல்ல, கோப்புகளைத் தேடுவதுதான். ஆக்கிரமிப்பை அகற்ற அறிவிப்பு கொடுத்தவுடன் எதிர்த்தரப்பு தடையாணை கேட்டு நீதிமன்றத்துக்கு ஓடும். அதனால் நம் தரப்பைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று கோரும் கேவியட் மனுவை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். அது 90 நாட்கள் செல்லும். வழக்கு வந்துவிட்டால், எதிர்வழக்குரை என்னும் எழுத்துமூலப் பதிலைத் தாக்கல் செய்ய 30 நாட்கள். நீதிமன்றம் அனுமதித்தால் 90. அதற்குள் அலுவலகத்திலிருந்து புல வரைபடமும் நில அளவைப் பதிவேடும் கைக்கு வர வேண்டும். வராவிட்டால், ஊரே நடந்த தெருவைக்கூடத் தெரு என்று நிரூபிக்க முடியாமல் நிற்க நேரும். அந்த வேதனை சாதாரணமானதல்ல.

தனியார் தம் நிலத்தை மீட்க 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பொதுத்தெருவை மீட்க உள்ளாட்சிக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டுகள் தருகிறது. இது மெத்தனத்துக்குக் கொடுத்த உரிமம் ஆகாது. சாட்சிகள் அத்தனை காலம் காத்திருப்பதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அறிவிப்பே தராமல் அதிகாரிகள் ஒருவருடைய சுவரை இடித்திருந்தால், வழக்கை இழுத்தடிக்காமல், தவறு நம்முடையது என்று ஆணையரிடம் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். உங்கள் கட்சிக்காரர் நகராட்சிதான். அந்தச் சுவருக்குரியவரும் அதே நகராட்சிக்கு வரி கட்டுபவர்தான்.