விற்பனைக்கு எதிரே விற்பனைதான் நிற்க வேண்டும்

கேள்வி: ஓசூரில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. மாத ரிப்போர்ட்டில் நான் எழுதும் ஒப்பீடுகளை மேனேஜர் சிவப்பில் சுழித்துவிடுகிறார். ‘மோர் ஹையர்’, ‘தேன் லாஸ்ட் மன்த்’, ‘தேன் மீ’ எல்லாமே தப்பாம். காரணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படித் திருத்திக்கொள்வது?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சகோதரி, முதல் இரண்டு திருத்தங்களும் சரி. மூன்றாவதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தமிழில் ‘விட’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் ‘தேன்’ வந்தால் அதற்கு முந்தைய சொல்லும் மாறியாக வேண்டும். ‘ஹை’ என்பது ‘ஹையர்’ ஆகும். ‘எக்ஸ்பென்சிவ்’ போன்ற நீளமான சொல் என்றால் முன்னால் ‘மோர்’ வரும். இரண்டையும் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் கவனம் வைக்க வேண்டியது இரண்டாவதில். ‘திஸ் மன்த்ஸ் சேல்ஸ் ஆர் ஹையர் தேன் லாஸ்ட் மன்த்’ என்று எழுதும்போது விற்பனையை ஒரு மாதத்தோடு ஒப்பிட்டுவிடுகிறீர்கள். ‘தேன் லாஸ்ட் மன்த்ஸ்’ (last month's) என்று முடித்தால்தான் போன மாத விற்பனை என்று ஆகும். ‘பெங்களூரு வெயில் சென்னையை விடக் குறைவு’ என்று நாம் தாராளமாகச் சொல்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. பேச்சில் ஆங்கிலேயர்களும் இப்படி விட்டுவிடுவதுண்டு, ரிப்போர்ட்டில் வேண்டாம்.

இதே கணக்கில் இன்னொன்று. ‘பெங்களூரு இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் கர்நாடகா’ என்றால் பெங்களூரு தன்னை விடவே பெரியது என்றாகிறது, அதுவும் கர்நாடகத்தில்தானே இருக்கிறது! ‘எனி அதர் சிட்டி’ என்று எழுத வேண்டும். கேரளத்து நகரங்களோடு ஒப்பிட்டால் ‘அதர்’ தேவையில்லை. ‘ஆஸ் குட் ஆர் பெட்டர் தேன்’ என்பதிலும் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. ‘ஆஸ் குட் ஆஸ், ஆர் பெட்டர் தேன்’ என்பதே முழுமை.

அப்புறம் ‘தேன் மீ’. 1762-இல் ஆங்கில இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத், ‘தேன்’ ஓர் இணைப்புச் சொல், அதன் பின்னால் ஒரு முழு வாக்கியம் மறைந்திருக்கிறது, எனவே ‘தேன் ஐ’தான் சரி என்றார். உங்கள் மேனேஜர் அந்த வழி. ஆனால் ‘ஹீ இஸ் டாலர் தேன் மீ’ இன்று எல்லோரும் பேசும் ஆங்கிலம், தப்பில்லை. பொருள் குழம்பும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘ஷீ ட்ரஸ்ட்ஸ் ஹிம் மோர் தேன் மீ’ என்றால் என்னை நம்புவதை விட அவரை அதிகம் நம்புகிறாள் என்று பொருள். நான் அவரை நம்புவதை விட அவள் அதிகம் நம்புகிறாள் என்று சொல்ல வேண்டுமானால் ‘தேன் ஐ டூ’ என்று முடித்துவிடுங்கள், சிக்கலே வராது.

உங்கள் பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்து, ‘தேன்’ வரும் ஒவ்வொரு இடத்திலும் எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். பிடிபடாத வரியை மேனேஜரிடம் கொண்டுபோய், ‘இங்கே என்ன சார் இடிக்குது?’ என்று கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சிவப்பில் சுழித்தவர் காரணமும் சொல்ல வேண்டும்.