மூளைக்காய்ச்சல் எனும் ஒற்றைப் பெயர்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆத்தூர் வாசகர்: டாக்டர், கொசுவால் வரும் மூளைக்காய்ச்சலும் மெனிஞ்சைட்டிஸும் ஒன்றா?

அல்ல. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மூளையையே தாக்கும் வைரஸ் நோய். இந்தியாவில் அது முதன்முதலாக 1955இல் வேலூரில்தான் அறியப்பட்டது. மெனிஞ்சைட்டிஸ் என்பதோ மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வின் அழற்சி. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், கொசுவலை கட்டிவிட்டோம், இனி பயமில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தாய்: மார்கழிக் குளிர் காதில் ஏறினால் மெனிஞ்சைட்டிஸ் வருமா?

குளிர் காரணமன்று. ஆனால் காதில் நாட்பட்டுச் சீழ் வடிந்தால், அவ்வழியே கிருமி சவ்வை எட்டக்கூடும். காதுக்குப் பஞ்சு வைப்பதோடு நில்லாமல் சீழுக்கு மருத்துவம் பாருங்கள்.

அம்மாப்பேட்டை வாசகர்: நம் நாட்டில் எந்தக் கிருமி மெனிஞ்சைட்டிஸுக்கு முக்கியக் காரணம்?

வயதைச் சொல்லாமல் இதற்கு விடை சொல்ல இயலாது. பிறந்த சில நாட்களில் வருவது பெரும்பாலும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளால். ஒரு மாதம் கடந்த குழந்தைகளிடம் நெடுங்காலம் ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி வகை) கிருமியும் நிமோகாக்கஸ் கிருமியும் முன்னின்றன. ஹிப் தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முதலில் தொடங்கின. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021இல் இங்கு வந்தது. மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமி வேறு குணம் கொண்டது: ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்து, 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் தில்லியில் நடந்ததுபோல் திடீரெனக் கொள்ளைநோயாகக் கிளம்பும். என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது காசநோய்க் கிருமிதான். வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், தலைவலி, சோர்வு என்று மெல்ல வளர்வதால், நினைவு தடுமாறும்போதுதான் பெரும்பாலோர் வருகிறார்கள்.

கோட்டைப் பகுதி வாசகர்: ஹஜ் பயணத்துக்கு மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி அவசியமா?

கட்டாயம். 1987இலும் 2000இலும் ஹஜ் பயணிகளிடையே மெனிங்கோகாக்கஸ் பரவியது. அங்கே சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓமலூர் வாசகர்: இந்நோயைக் கண்டறிய முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்கிறார்களே?

தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது; ஆதலால் அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை. எந்தக் கிருமி என்று காட்டுவது அந்த நீர்தான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை நான்கு நாள் விழுங்கிவிட்டு வருபவரின் நீரில் பல வேளைகளில் ஆய்வகச் சோதனையில் கிருமி வளர்வதில்லை. நோய் இருந்தும் காரணம் பதிவாகாமல் போகிறது. நாட்டளவிலான கணக்குகளில் காரணம் தெரியாதவை என்ற வரிசை நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் நோயாளியின் நிலை மோசமாக இருந்தால், பரிசோதனைக்காக மருந்தைத் தாமதிக்கலாகாது.