மருந்தடிக்காத சதுரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். மழைக்காலம் முடியும் சமயத்தில் வட்டம் வட்டமாகக் காய்ந்து போகிறது. உரக்கடையில் கேட்டு கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி அடித்தோம், சில வாரங்களில் சரியாகிவிட்டது. போன வருடமும் இதே கதைதான். ஆனால் சங்கத்தில் சிலர், மருந்தே தேவையில்லை, தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி, கோவை)

பதில்: இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் புல்வெளி முழுக்க மருந்தடித்துவிட்டீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரைசக்டோனியா பூஞ்சாணம் உண்டாக்கும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். கொரியன் புல்லில் இது ஈரமும் குளுமையும் சேரும்போது வரும், வெயில் ஏற ஏறப் புல் தானாகவே மீண்டு வரும். ஆக, புல் தேறியது மருந்தாலா மாசி வெயிலாலா என்று பிரித்துப் பார்க்க, மருந்து படாத புல் கொஞ்சமாவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ், விஸ்கான்சின் போன்ற பல்கலைக்கழகங்கள் புல்வெளி மருந்துகளைச் சோதிப்பதும் இந்த அடிப்படையில்தான். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிக்கிறார்கள். ஒவ்வொரு மருந்தும் பெரும்பாலும் நான்கு இடங்களில் வரும், ஒன்றுமே அடிக்காத கட்டமும் அதேபோல நான்கு இடங்களில் இருக்கும். அந்த வெறும் கட்டத்தில் நோய் வரவில்லை என்றால் அந்த வருடச் சோதனையால் பயனில்லை, மற்ற கட்டங்கள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். அடுத்த முறை மருந்தடிக்கும்போது நாலடிக்கு நாலடி பிளைவுட் பலகையைப் புல்மேல் வைத்து, சுற்றிலும் அடித்துவிட்டு உடனே எடுத்துவிடுங்கள். வெயில், நிழல், தண்ணீர் தேங்கும் இடம் என்று மூன்று நான்கு இடங்களிலாவது செய்யுங்கள், போன வருடம் நோய் வந்த பகுதியாகவும் இருக்கட்டும். மூலைகளில் ஆணி அடித்து அடையாளம் வையுங்கள் (புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டாதபடி தரையோடு தரையாக). சதுரத்தின் ஓரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், சாரல் பட்டிருக்கும், நடுப்பகுதியை மட்டும் பாருங்கள்.

நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். செத்த இலையை எந்த மருந்தும் பச்சையாக்காது, நல்ல மருந்து செய்வதெல்லாம் வட்டம் மேலும் விரியாமல் நிறுத்துவதுதான். அதனால் மருந்தடிக்கும் அன்றே வட்டத்தின் விளிம்பில் ஒரு குச்சி நட்டு, வாராவாரம் விளிம்பு குச்சியைத் தாண்டியிருக்கிறதா என்று அளந்து குறித்து வையுங்கள். நோய் பரவிக்கொண்டிருந்தால் விளிம்பு ஆரஞ்சு நிறமாகத் தெரியும், அங்கே ஒரு தண்டைப் பிடித்து இழுத்தால் அடி அழுகி லேசாகக் கையோடு வந்துவிடும்.

கேள்வி: பெங்களூரில் ஒரு கால்ஃப் மைதானப் பராமரிப்பில் இருக்கிறேன். அருகம்புல்லில் நாணயம் அளவுக்கு வைக்கோல் நிறப் புள்ளிகள், விடியற்காலையில் பனியோடு வெள்ளை நூலாம்படை மாதிரி தெரிகிறது. அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சாணக்கொல்லி அடித்தும் அடங்கவில்லை. மருந்து போலியா?

பதில்: போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் சொல்வது டாலர் ஸ்பாட் என்ற வேறொரு பூஞ்சாண நோய் போலத் தெரிகிறது, அசாக்ஸிஸ்ட்ரோபின் ரைசக்டோனியாவை நன்றாகப் பிடிக்குமே தவிர டாலர் ஸ்பாட்டைக் கட்டுப்படுத்தாது. இதெல்லாம் கட்டம் கட்டிச் சோதித்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கண்டுபிடித்தது. கென்டக்கி பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட முடிவுகளைத் திரட்டி, எந்த நோய்க்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கும் என்று தரம் போட்டுக் கையேடாகவே வெளியிடுகிறது. முதலில் இலையைக் கூர்ந்து பாருங்கள், நடுவில் வெளிறி ஓரத்தில் செம்பழுப்புக் கோடு இருந்தால் சந்தேகம் வலுக்கும். புரோபிகோனசோல் வகை மருந்தை முதல் பதிலில் சொன்னபடி பலகை வைத்து அடித்துப் பாருங்கள், ஆனால் கோடையில் அருகம்புல்லுக்கு அதை அடிக்கடி கொடுத்தால் வளர்ச்சி குன்றும். தழைச்சத்துக் குறைந்த புல்லில் டாலர் ஸ்பாட் அதிகம் வரும் என்பதால் உரக்கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் வேலை செய்யாமல் போய்விடுமா?

பதில்: போய்விடும். கார்பென்டாசிம் சேர்ந்த பென்சிமிடசோல் என்ற மருந்துக் குடும்பத்துக்கு டாலர் ஸ்பாட் பூஞ்சாணம் அடங்காமல் போனதை அமெரிக்காவில் 1970களிலேயே பார்த்துவிட்டார்கள். ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் முறை: மருந்து கலந்த அகார் (பூஞ்சாணம் வளர்க்கும் கூழ்) தட்டிலும் கலக்காத தட்டிலும் அதே பூஞ்சாணத்தை வளர்த்து, எது எவ்வளவு பரவுகிறது என்று அளப்பார்கள். அங்கேயும் மருந்தில்லாத தட்டு ஒன்று கட்டாயம். நீங்கள் கடையில் பெயரை மாற்றி வாங்கினால் போதாது, குடும்பத்தை மாற்றி வாங்க வேண்டும். அப்புறம், தண்ணீர் அளவு. முதல் பதிலில் சொன்ன பல்கலைக்கழகப் புல்வெளிச் சோதனைகளில் 1000 சதுர அடிக்குப் பெரும்பாலும் 2 கேலன் கரைசல் அடிக்கிறார்கள், நம் கணக்கில் ஒரு சென்டுக்குச் சுமார் 3.3 லிட்டர். அதில் பாதியை அடித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர், முதலில் தெளிப்பானில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு சென்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பாருங்கள்.