பேனா பிடித்துப் பல வருடம்: மறுபடி கல்லூரிக்குப் போனவர்களின் கேள்விகள்

வேலை, குடும்பம் என்று ஓடிவிட்டு மறுபடி கல்லூரியில் சேர்ந்திருக்கும் வாசகர்களிடம், எழுதும்போது எங்கே சிக்குகிறது என்று கேட்டிருந்தோம். ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: 19 வருடம் கழித்துப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். 1500 சொற்களில் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மூன்று இரவு உட்கார்ந்தும் முதல் பத்தியைத் தாண்டவில்லை. எழுதுகிறேன், அடிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். எழுதவே மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. என்ன சொல்வது என்று யோசிப்பது, அதை வாக்கியமாக்குவது, வாக்கியத்தில் பிழை பார்ப்பது என்று மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். மனம் ஒரு சமயத்தில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடிய விஷயம் கொஞ்சம்தான். 'இங்கே ப் வருமா' என்று நிற்கும் நொடியில், சொல்ல வந்தது நழுவிவிடும். அதனால் மூன்றையும் மூன்று நாளுக்குப் பிரித்து வையுங்கள்.

முதல் நாள் வாக்கியமே வேண்டாம், கணக்கு மட்டும். 1500 சொல்லில் முன்னுரைக்கு 150, முடிவுரைக்கு 150 போக 1200 மீதி. ஒரு பத்திக்கு 200 என்றால் ஆறு பத்தி. ஆகவே உங்களுக்குத் தேவை ஆறே ஆறு கருத்துகள். ஒரு தாளில் ஆறையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். 'மரங்களின் பயன்' என்பது தலைப்பு; 'மரம் இல்லாத தெருவில் இரவிலும் சூடு தணிவதில்லை' என்பது கருத்து. வினைச்சொல் இல்லாமல் முடிந்தால் அது இன்னும் கருத்தாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள், ஆறில் எது சுலபமோ அதில் தொடங்குங்கள். பத்திக்கு 25 நிமிடம், கடிகாரம் வைத்து. அடித்தல், திருத்தல் கூடாது. சொல் கிடைக்காத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கடந்து போங்கள். பக்கம் பார்க்கச் சகிக்காது, அப்படித்தான் இருக்கும். பிழை பார்ப்பது மூன்றாம் நாள் வேலை. நடுவில் ஓர் இரவாவது போகட்டும். அன்றே பார்த்தால் தாளில் உள்ளதைப் படிக்க மாட்டீர்கள், மனதில் உள்ளதைத்தான் படிப்பீர்கள்.

முன்னுரையை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுங்கள். இன்னும் எழுதாத கட்டுரையை எப்படி அறிமுகம் செய்வது? மூன்று இரவும் நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

மொத்தம் பத்து மணி நேரம் ஒதுக்க முடிந்தால் படிக்கவும் குறிப்பெடுக்கவும் நான்கு, திட்டத்துக்கு ஒன்று, எழுத மூன்று, திருத்த இரண்டு. பலர் எட்டு மணி நேரம் படித்துவிட்டுக் கடைசி இரண்டில் எழுதுகிறார்கள். படிப்பது பாதுகாப்பாக இருக்கிறது, அதனால்தான்.

கேள்வி: 'நகரங்களில் மரங்கள் குறைவது வெப்பத்தைக் கூட்டுகிறதா? ஆராய்க' என்பது தலைப்பு. ஏழு பக்கம் எழுதினேன். 'கேள்விக்கு விடை இல்லை' என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்கள். முதல் பத்தியை அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பியது இது: 'இன்றைய நவீன உலகில் மனித வாழ்வில் மரங்கள் மிக முக்கியப் பங்கு வகிக்கின்றன என்பது அனைவரும் அறிந்த உண்மையாகும். மரங்கள் நமக்கு நிழல், காய், கனி, விறகு எனப் பலவற்றைத் தருகின்றன.'

தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வியில் இருந்த நகரம் இல்லை, வெப்பம் இல்லை, 'கூட்டுகிறதா' என்பதற்கு ஆம், இல்லை எதுவும் இல்லை. அனைவரும் அறிந்த உண்மை என்றால் அதை ஆசிரியருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? பள்ளியில் தலைப்பைச் சுற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் வந்தது. கை அதையே செய்கிறது.

கேள்வியின் கடைசிச் சொல்தான் உங்கள் வேலையைச் சொல்கிறது. 'விவரி' என்றால் எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். 'விளக்கு' என்றால் ஏன், எப்படி என்ற காரணமும் வர வேண்டும். 'ஒப்பிடு' என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். முதல் பாதி ஒன்று, மறு பாதி இன்னொன்று என்று தனித்தனியே எழுதுவது ஒப்பீடு ஆகாது. 'ஆராய்க' என்றால் ஒரு முடிவு, அதற்கு ஆதாரம், அதை மறுக்கக்கூடியது என்ன என்ற மூன்றும். 'மதிப்பிடுக' என்றால் இவற்றோடு எந்த அளவுக்கு என்பதும் சேரும்.

உங்கள் பத்தி இப்படி இருக்கலாம்: 'நகரத்தில் மரம் குறைந்தால் இரண்டு வழிகளில் சூடு கூடுகிறது. நிழல் போன சாலையும் சுவரும் பகல் வெயிலை வாங்கிவைத்து இரவில் விடுகின்றன. இலைகளிலிருந்து நீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விப்பதும் குறைந்துபோகிறது. ஆனால் மரம் மட்டுமே காரணம் அல்ல. நெருங்கி நிற்கும் கட்டடங்கள், வாகனங்கள், குளிரூட்டிகள் ஆகியவற்றின் வெப்பமும் சேர்கிறது.' கேள்வியின் சொற்கள் வந்துவிட்டன, விடை வந்துவிட்டது, 'ஆனால்' என்ற ஒரு சொல்லில் எதிர்த்தரப்பும் வந்துவிட்டது. இனி ஆறு பத்தியும் எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

முடிவைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைக்காதீர்கள். அது துப்பறியும் கதைக்குச் சரி.

கேள்வி: அலுவலகத்தில் 22 வருடமாகக் கடிதமும் அறிக்கையும் எழுதுகிறேன். என் கட்டுரை 'கோப்பு மாதிரி இருக்கிறது' என்கிறார் பேராசிரியர்.

'ஆய்வு மேற்கொள்ளப்பட்டு, தரவுகள் பரிசீலிக்கப்பட்டு, முடிவு எட்டப்பட்டது.' இந்த நடைதானே? யார் செய்தார் என்பதை மறைப்பதற்கென்றே கோப்பில் வளர்ந்த நடை இது. கட்டுரையில் ஆசிரியர் தேடுவதே அந்த 'யார்' என்பதைத்தான். எழுதியதில் 'பட்டது', 'பட்டன' வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டு, ஒவ்வொன்றிலும் 'யார்?' என்று கேளுங்கள். பதில் இருந்தால் அவரை எழுவாயாக்குங்கள்: 'ஆய்வாளர்கள் அளந்தார்கள்'. பதில் தெரியாத இடத்திலும், செய்தவர் முக்கியமில்லாத இடத்திலும் செயப்பாட்டு வினை இருந்துவிட்டுப் போகட்டும். 'என்பது குறிப்பிடத்தக்கது' வந்தால் யோசிக்காமல் அடியுங்கள். குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: புத்தகத்தில் இருந்ததை என் சொற்களில்தான் எழுதினேன். ஆனாலும் 'நகல்' என்கிறார்கள். சொல் எல்லாவற்றையும் மாற்றினேனே?

சொல்லை மாற்றினீர்கள், எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'நிழலில்லாத தார்ச்சாலை பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவு முழுவதும் வெளியிடுகிறது.' அதை 'மர நிழலற்ற சாலை பகல்வேளையில் ஈர்த்த சூட்டை இரவெல்லாம் வெளியேற்றுகிறது' என்று மாற்றினால் அது நகல்தான். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. 'இரவு ஏன் குளிரவில்லை என்பதற்கான காரணம் பகலிலேயே இருக்கிறது. வெயில் பட்ட சாலை சூட்டைத் தேக்கி மெல்லத்தான் விடும்' என்பது உங்களுடையது. வாக்கியத்தின் திசையே மாறிவிட்டது. இதற்கும் மூல ஆசிரியர் பெயரைக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் கருத்து அவருடையது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

குறிப்பெடுக்கும் இடத்திலேயே இதற்கு வைத்தியம் உண்டு. ஒரு பகுதியைப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், இரண்டு நிமிடம் விட்டு, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். ஓரத்தில் அடையாளம் போடுங்கள்: அப்படியே எடுத்ததற்கு 'மே' (மேற்கோள்), அவர் கருத்து உங்கள் வாக்கியத்தில் என்றால் 'சு' (சுருக்கம்), உங்களுக்கே தோன்றியதற்கு 'எ' (என்). பக்க எண் அப்போதே எழுதிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து ஒரு நல்ல வாக்கியத்தைப் பார்த்து, இது நானா எழுதினேன் என்று திகைக்கும்போது இந்த ஓர் எழுத்துதான் காப்பாற்றும்.

மேற்கோள் காட்டும் முறை துறைக்குத் துறை மாறும். சமூக அறிவியலில் பெரும்பாலும் ஆசிரியர் பெயரும் ஆண்டும்; இலக்கியத்தில் பெரும்பாலும் பெயரும் பக்கமும். உங்கள் துறையில் எது என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கணினியிடம் கேட்டால் கட்டுரையே எழுதிக் கொடுக்கிறதே?

கொடுக்கும். இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு மேற்கோளும் கொடுக்கும். உங்கள் கல்லூரி விதி என்ன என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் நீங்கள் எழுதிய பத்தியைக் காட்டி 'எங்கே புரியவில்லை' என்று கேளுங்கள். எழுதச் சொன்னால் நீச்சலுக்கு இன்னொருவரை அனுப்பின கதை.

கேள்வி: திருத்து, திருத்து என்கிறார்கள். எதைப் பார்ப்பது? எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

இதற்குப் புதிதாகப் பட்டியல் வேண்டாம். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லிவிட்டார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்கவைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். திருத்தும் மேசையில்தான் அது பயன்படும்.

பத்தையும் ஒரே வாசிப்பில் தேடாதீர்கள், ஒன்றும் அகப்படாது. முதல் வாசிப்பில் மற்றொன்று விரித்தல் மட்டும்: ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் தனித்தாளில் எழுதி, வரிசையாகப் படியுங்கள். கேள்விக்குத் தொடர்பில்லாத வரி துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். அதே தாளில் கூறியது கூறலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது வாசிப்பு மயங்கவைத்தலுக்கு. 'மரம் குறைந்தது, கட்டடம் கூடியது, வாகனம் பெருகியது. இதனால் வெப்பம் ஏறியது.' எதனால்? 'இது', 'அது', 'இவ்வாறு' வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சுட்டு எதைக் காட்டுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். விரல் தடுமாறினால் பெயரையே எழுதுங்கள்.

மூன்றாவது, சென்றுதேய்ந்து இறுதல். களைத்துப்போய் இரவில் எழுதும் பெரியவர்களுக்கென்றே சொன்னது போன்ற குற்றம். முதல் இரண்டு பத்தி 300 சொல், கடைசி இரண்டும் 90 சொல் என்று வந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். மறுமுறை எழுதும்போது ஐந்தாம் பத்தியில் ஆரம்பியுங்கள்.

வழூஉச்சொல், அதாவது பிழையான சொல், கடைசியில். வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

கேள்வி: ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது? பாதி மதிப்பெண் அதிலேயே போகிறது.

இலக்கணம் முழுவதையும் தூசி தட்ட வேண்டாம். க, ச, த, ப-வில் தொடங்கும் சொல் அடுத்து வந்தால் இந்த நான்கைப் பாருங்கள். அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் மிகும்: அந்தப் பாடம். 'ஐ' உருபின் பின் மிகும்: பாடத்தைப் படித்தேன். 'கு' உருபின் பின் மிகும்: கல்லூரிக்குச் சென்றேன். நான்காவது வினையெச்சம்: 'எழுதி', 'தேடி' போல இகரத்தில் முடிந்தாலும், 'படித்து', 'கேட்டு' போல வல்லின மெய்யை அடுத்து 'து', 'டு' வந்தாலும் மிகும்: எழுதிப் பார்த்தேன், படித்துக் காட்டினேன். 'வந்து', 'செய்து' என்று மெல்லினமோ இடையினமோ முன்னால் இருந்தால் மிகாது: வந்து பார்த்தேன், செய்து கொடுத்தேன்.

மிகாத இடத்தில் அடிக்கடி தவறுவது பெயரெச்சம்: படித்த பாடம், எழுதிய கட்டுரை. இங்கே ஒற்றே கிடையாது.

ஒற்றைவிடக் கூடுதலாகக் கண்ணை உறுத்துவது வேறு. 'ஒவ்வொரு நகரங்களும்' தவறு, 'ஒவ்வொரு நகரமும்' என்க. 'மரங்களின் எண்ணிக்கை குறைந்தன' தவறு. குறைந்தது எண்ணிக்கை, ஆகவே ஒருமை. திரும்பி வந்த தாள்களில் சிவப்பு மையில் இருக்கும் பிழைகளை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். எல்லோருக்கும் பொதுவான நூறு விதியைவிட, நீங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஏழெட்டுப் பிழை போதும்.

கேள்வி: மூன்று மணி நேரத் தேர்வு. அரை மணியிலேயே விரல் வலிக்கிறது. இத்தனை வருடம் தட்டச்சுதான்.

கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. முதல் வாரம் தினம் 15 நிமிடம் நிற்காமல் எழுதுங்கள். வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டினால் பன்னிரண்டாம் வாரம் 180 நிமிடம். நீளும்போது வாரத்தில் இரண்டு நாள் போதும். பேனாவை அழுத்துகிறீர்களா என்று தாளின் பின்பக்கம் தடவிப் பாருங்கள்; தடம் புடைத்திருந்தால் மை தாராளமாக ஓடும் பேனாவுக்கு மாறுங்கள். ஓய்வுக்குப் பிறகும் வலியோ மரத்துப்போதலோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பயிற்சியில் எதையாவது பார்த்து எழுதாதீர்கள். புத்தகத்தை மூடி, பழைய வினாவுக்கு விடை எழுதுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

நேரத்துக்கு: 100 மதிப்பெண், 180 நிமிடம். வினாத்தாள் படிக்க 10, கடைசியில் சரிபார்க்க 10 போக 160 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.6 நிமிடம், பத்து மதிப்பெண் வினாவுக்கு 16. பதினாறு ஆனதும் வாக்கியத்தை முடித்து, நான்கு வரி இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: எனக்குக் கிடைப்பது தினம் அரை மணி நேரம்தான். உட்கார்ந்து, எங்கே விட்டேன் என்று தேடுவதற்குள் பத்து நிமிடம் போகிறது.

எழுந்திருக்கும் முன், அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் விடுங்கள். அதன் கீழே 'அடுத்து: இரவு வெப்பம், இரண்டாவது ஆதாரம்' என்று ஒரு வரி. நாளைக்கு அந்தப் பாதி வாக்கியத்தை முடிப்பதுதான் முதல் வேலை.